சைகோனில் ஐயா வாங்கிய கட்டடம் திரும்பக் கிடைக்குமா?

தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 61. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆள் அடையாளம் தெரியாதபடி அவர் கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருடைய ஐயா, அதாவது அப்பாவைப் பெற்றவர், 1930-களில் வியட்நாமின் சைகோனுக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழிலுக்கு, போனவர். அடுத்தாளாக, அதாவது உதவியாளராக, சேர்ந்து, கடைப் பொறுப்பாளரான மேலாளாகி, பிறகு சொந்த விலாசத்தில் (கடைப் பெயரில்) வட்டிக்கடை நடத்தினார். 1952-இல் நகரின் மையத்தில் கீழே கடையும் மேலே இரண்டு மாடிகளுமாக ஒரு கட்டடம் வாங்கினார். 1975 ஏப்ரலில் தெற்கு வியட்நாம் பொதுவுடைமை ஆட்சியின் கீழ் வந்தது. அடுத்த ஆண்டு ஒரு பெட்டியோடு ஊர் திரும்பினார். சாவியைக் கடையில் கணக்கு எழுதிய உள்ளூர்க்காரரிடம் கொடுத்துவிட்டு வந்ததாகச் சொல்வாராம். 1984-இல் காலமானார். வீட்டு இரும்புப் பெட்டியில் பிரெஞ்சில் ஒரு பத்திரமும், வாடகை ரசீதுகளும், இரண்டு பேரேடுகளும் இருக்கின்றன.

போன வருஷம் வாசகரின் சித்தப்பா மகன் சுற்றுலா போன இடத்தில் கட்டடத்தைத் தேடிப் பிடித்துப் படம் எடுத்து வந்திருக்கிறார். கீழே காபிக் கடை, மேலே மூன்று குடும்பங்கள், மாடிக் கைப்பிடியில் மட்டும் ஐயா போட்ட இரும்புப் பூவேலை அப்படியே. படம் குடும்ப வாட்ஸாப்பில் சுற்ற, எங்கிருந்தோ ஒரு தரகர் வந்து சேர்ந்தார். 'வியட்நாமில் கம்யூனிசம் போய்விட்டது, டோய் மோய் என்ற பொருளாதாரச் சீர்திருத்தம் வந்த பிறகு பழைய சொத்துகளைத் திருப்பித் தருகிறார்கள், சட்டமே இருக்கிறது' என்கிறார். 14 வாரிசுகளும் பொது அதிகாரப் பத்திரம் எழுதித் தர வேண்டுமாம். செலவு 18 லட்சம் ரூபாய், மூன்று தவணை. வாசகர் முன்பணமாக 2 லட்சம் கொடுத்தும் விட்டார். 'கட்டடம் கிடைக்குமா? இல்லையென்றால் இழப்பீடாவது? அதுவும் இல்லையென்றால், அங்கே ஒரு கூட்டாளி பெயரில் அதையே விலைக்கு வாங்கிவிடலாமா?' இவைதான் கேள்விகள். 'தூத்துக்குடிக்கே வியட்நாம் கார் கம்பெனி வந்துவிட்டதே, அவர்களுக்கு நாம் இடம் கொடுக்கும்போது நம் இடத்தை அவர்கள் கொடுக்க மாட்டார்களா?' என்றும் கேட்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

கட்டடம் உங்கள் குடும்பத்துக்குத் திரும்ப வர வாய்ப்பு மிக மிகக் குறைவு. தரகருக்கு இனி ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அதிகாரப் பத்திரத்தில் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம். இந்த இரண்டையும் முதலில் குடும்பத்தில் எல்லோருக்கும் சொல்லிவிட்டு, அப்புறம் மேலே படியுங்கள். நான் வியட்நாமில் வாதாடும் உரிமை பெற்றவன் அல்ல. அங்குள்ள சட்டங்களைப் படித்த அளவில்தான் எழுதுகிறேன். கடைசி வார்த்தை, சைகோனின் இன்றைய பெயரான ஹோ சி மின் நகரில் பதிவு பெற்ற ஒரு வழக்கறிஞருடையதாக இருக்கட்டும்.

சந்தை வந்தது, பழைய உடைமை வரவில்லை

உங்கள் கடிதம் முழுவதும் ஓர் எண்ணம் ஓடுகிறது. பொதுவுடைமைக் காலத்தில் பிடுங்கினார்கள், சந்தைக் காலம் வந்ததால் திருப்பித் தருவார்கள் என்ற எண்ணம். இயல்பானதுதான். சில நாடுகளில் அப்படி நடக்கவும் செய்தது. செக் நாட்டில் 1948 பிப்ரவரிக்குப் பிறகு எடுத்த சொத்துகளைத் திருப்பித் தர 1991-இல் சட்டம் போட்டார்கள். ஜெர்மனி ஒன்றானபோது கிழக்குப் பகுதியில் 'முதலில் சொத்து, முடியாவிட்டால்தான் பணம்' என்பதே கொள்கை. ஹங்கேரி சொத்தைத் தராமல் இழப்பீட்டுச் சீட்டு கொடுத்தது. அங்கெல்லாம் பழைய ஆட்சி விழுந்து, புதிதாக வந்தவர்கள் போட்ட சட்டங்கள் இவை. வியட்நாமில் ஆட்சி விழவில்லை. சொத்தை எடுத்த அதே கட்சிதான் சந்தையையும் திறந்தது. நேற்று நான் எடுத்தது தவறு என்று அது எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை.

நடந்ததை உங்கள் கட்டடத்தை வைத்தே பார்ப்போம். 1975 செப்டம்பரில் தெற்கின் பழைய பணத்தை 500-க்கு 1 என்று மாற்றினார்கள், அதுவும் ஓர் உச்சவரம்புக்குள். உங்கள் பேரேட்டில் வரவேண்டியது என்று எழுதியிருக்கும் தொகையெல்லாம் அன்றே ஏறக்குறைய வெற்றுக் காகிதம். 1977 ஏப்ரலில் 111 என்ற எண்ணுள்ள அரசு முடிவு வந்தது. தெற்கு நகரங்களில் வாடகைக்கு விட்ட வீடுகள், உரிமையாளர் இல்லாமல் கிடந்த வீடுகள், வெளிநாட்டார் வீடுகள் எல்லாம் அரசு நிர்வாகத்துக்குள் போனது இதன் வழியாகத்தான். 1978 மார்ச்சில் தெற்கின் பெரிய தனியார் வணிகத்தையே ஒரேயடியாக ஒழித்தார்கள். உங்கள் கட்டடமும் இந்த ஓட்டத்தில்தான் போயிருக்க வேண்டும். அப்படி எடுத்த வீடுகளில் அரசு ஊழியர்களையும் தொழிலாளர்களையும் சொற்ப வாடகைக்குக் குடிவைத்தார்கள். அறைக்கு ஒரு குடும்பம், எல்லோருக்கும் பொதுவாக ஒரு சமையலறை என்று பல கட்டடங்கள் ஆயின. மாடியில் மூன்று குடும்பங்கள் என்கிறீர்களே, அந்தக் கணக்கு அங்கே தொடங்கியதாக இருக்கலாம்.

பிறகு திட்டப் பொருளாதாரம் முட்டுச்சந்தில் நின்றது. அரிசிக்கும் இறைச்சிக்கும் துணிக்கும் கூப்பன். 1986-இல் விலைவாசி ஒரே ஆண்டில் 700 விழுக்காட்டுக்கும் மேல் ஏறியது. அந்த ஆண்டு டிசம்பரில் கூடிய 6-ஆவது கட்சி மாநாட்டில்தான் டோய் மோய், அதாவது புதுப்பித்தல், கொள்கையானது. 1987 டிசம்பரில் வெளிநாட்டு முதலீட்டுச் சட்டம். 1988-இல் கூட்டுப் பண்ணையின் பிடி தளர்ந்து விவசாயக் குடும்பங்கள் கைக்கு நிலம் போனது. 1989-இல் பெரும்பாலான விலைகளை அவிழ்த்து விட்டார்கள். அதுவரை அரிசிக்குத் திண்டாடிய நாடு அதே ஆண்டு பத்து லட்சம் டன்னுக்கு மேல் அரிசி ஏற்றுமதி செய்தது. பெரிய மாற்றம்தான், சந்தேகமில்லை.

ஆனால் நிலத்தைப் பொறுத்தவரை ஒரு விஷயத்தில் கை வைக்கவே இல்லை. 1980 அரசியலமைப்பு நிலம் முழுவதும் மக்கள் அனைவருக்கும் பொது என்றது. சீர்திருத்தத்துக்குப் பிறகு எழுதிய 1992 அரசியலமைப்பும் அதையே சொன்னது. 2013 அரசியலமைப்பின் 53-ஆவது பிரிவும் அதேதான். 1993 நிலச் சட்டம் செய்தது வேறு: பயன்படுத்துபவருக்கு அந்தப் பயன்பாட்டு உரிமையை விற்க, மாற்ற, குத்தகைக்கு விட, அடமானம் வைக்க, வாரிசுக்கு விட உரிமை தந்தது. இன்று கோடிக்கணக்கில் கைமாறுவது இந்தப் பயன்பாட்டு உரிமைதான். அதற்கான சான்றைத்தான் அங்கே சிவப்புப் புத்தகம், இளஞ்சிவப்புப் புத்தகம் என்று சொல்கிறார்கள்.

உங்கள் கட்டடத்தின் தலையெழுத்தை அநேகமாக முடித்து வைத்தது 1994 ஜூலையில் வந்த 61-ஆம் எண் ஆணை. அரசு வீட்டில் வாடகைக்கு இருந்தவர்கள் அதையே அரசிடமிருந்து விலைக்கு வாங்கிக்கொள்ள வழி செய்தது அது. மாடியில் இருக்கும் குடும்பங்கள் அப்படி வாங்கியிருந்தால், கையில் புத்தகம் இருக்கும். அவர்கள் அரசுக்குப் பணம் கட்டி வாங்கிய உரிமையாளர்கள். திட்டக் காலத்தில் யார் உள்ளே இருந்தார்களோ, சந்தைக் காலம் அவர்களுக்குத்தான் பட்டா போட்டது.

2003-இல் கதவைச் சாத்தினார்கள்

இதில் ஊகத்துக்கு இடமில்லை. 2003 நவம்பரில் வியட்நாம் தேசியப் பேரவை 23-ஆம் எண் தீர்மானத்தை நிறைவேற்றியது. 1991 ஜூலை 1-க்கு முன்பு, வீடு-நில நிர்வாகக் கொள்கைகளின்படியும் சோஷலிச மாற்றக் கொள்கையின்படியும் அரசு எடுத்து நிர்வகித்து, பயன்பாட்டுக்கு ஒதுக்கிய வீடு, நிலங்களைத் திருப்பிக் கேட்பதை அரசு ஏற்காது என்று அது நேராகவே சொல்கிறது. நிலச் சட்டங்களிலும் இதே பொருளில் பிரிவு உண்டு.

இது நியாயமா என்று கேட்டால், உங்கள் ஐயாவின் இடத்தில் நின்று பார்த்தால் இல்லை. ஆனால் மீகாங் டெல்டாவில் 1930-களின் பொருளாதார மந்தத்தில் கடனுக்கு வயலை இழந்த குடும்பங்களைக் கேட்டால் அவர்கள் வேறு ஒரு பேரேட்டை விரிப்பார்கள். செட்டியார்கள் நெல் வயல்களுக்கு உரிமையாளர் ஆனதும் அப்போதுதான். எந்தத் தேதியிலிருந்து கணக்கைத் தொடங்குவது என்று தீராமல் இழுத்துக்கொண்டிருக்கும் சண்டைக்கு 1991 என்று ஒரு கோடு கிழித்தார்கள். கோட்டுக்கு எந்தப் பக்கம் விழுந்தோம் என்பதுதான் நம் வழக்கு.

தரகர் காட்டிய சட்டப் பிரிவுகள்

அவர் கொடுத்த நகல்களை இணைத்திருந்தீர்கள். கெட்டிக்காரர்தான். எதுவும் போலி இல்லை. எல்லாம் உண்மையான சட்டங்கள், ஆனால் உங்களுக்குப் பொருந்தாதவை.

முதலாவது, முதலீட்டாளரின் சொத்தை நிர்வாக நடவடிக்கையால் நாட்டுடைமை ஆக்கமாட்டோம் என்ற உறுதி. முதலீட்டுச் சட்டத்தில் அது இருக்கிறது. ஆனால் சந்தை திறந்த பிறகு, அந்தச் சட்டத்தின் கீழ் பணம் போட்டவர்களுக்கான உறுதி அது. 1952-இல் வாங்கிய கட்டடத்துக்குப் பின்னோக்கிப் போகாது. தூத்துக்குடி கார் ஆலையும் அப்படியே. அவர்கள் நம் சட்டப்படி இன்று இடம் பெறுகிறார்கள், அதற்கும் உங்கள் வீட்டுக்கும் கொடுக்கல் வாங்கல் இல்லை.

இரண்டாவது, பழைய ஆட்சி அதிகாரிகள் கொடுத்த நிலப் பத்திரமும் செல்லும் என்ற பிரிவு. நிலச் சட்டத்தின் ஆவணப் பட்டியலில் அதுவும் உண்டு. பிரெஞ்சுப் பத்திரத்தைப் பார்த்ததும் தரகர் கண் மின்னியதற்கு இதுதான் காரணம். ஆனால் அந்தப் பிரிவை முழுசாகப் படித்தால், இப்போது அந்த நிலத்தைப் பயன்படுத்திக்கொண்டு இருப்பவர் சான்று வாங்கக் காட்டும் ஆவணம் பற்றித்தான் பேசுகிறது. பத்திரம் தேவகோட்டையிலும் ஆள் சைகோனிலும் இருந்தால் அந்தப் பிரிவு வேலை செய்யாது.

மூன்றாவது, வாரிசுரிமை. 2015 சிவில் சட்டப்படி அசையாச் சொத்தில் பங்கு கேட்க 30 ஆண்டு காலக்கெடு. 1990 செப்டம்பர் 10-க்கு முன் இறந்தவர் என்றால் அந்தத் தேதியிலிருந்து எண்ணத் தொடங்குவார்கள். உங்கள் ஐயா 1984-இல் போனார். சாதாரணமாகப் பார்த்தால் 2020-லேயே கெடு முடிந்துவிட்டது. வெளிநாட்டில் இருப்பவர்கள் சம்பந்தப்பட்ட சில வழக்குகளில் இடைப்பட்ட சில ஆண்டுகளைக் கழித்துவிட்டு எண்ணும் வழி உண்டு, ஆகவே முற்றாக முடிந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதற்கு முதலில் சொத்து ஐயாவின் பெயரில் இருந்திருக்க வேண்டும். அரசு எடுத்துவிட்ட வீட்டில் பிரிக்கப் பங்கு ஏது?

சாவி வாங்கியவர் என்ன ஆனார்?

எனக்குக் கொஞ்சமாவது ஆர்வம் தரும் இடம் இது ஒன்றுதான். 2003 தீர்மானத்தில் ஒரு சிறு இடைவெளி இருக்கிறது. அரசு எடுத்ததாகக் காகிதம் இருந்து, உண்மையில் எடுத்து நிர்வகிக்கவில்லை என்றால், அதில் தொடர்ந்து இருந்தவரின் உரிமையை ஏற்கலாம். அதோடு, 1991-க்கு முன்பு வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி இன்னொருவரிடம் ஒப்படைத்த விவகாரங்களுக்கு 1998-லும் 2006-லும் தனித் தீர்மானங்கள் வந்தன. ஆக, அந்தக் கணக்குப்பிள்ளை அங்கேயே குடியிருந்தாரா, அரசு வந்து அவரை வெளியேற்றியதா, ஒப்படைத்ததற்கு எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்பதைப் பொறுத்து விஷயம் மாறலாம். வாய்ச் சொல் மட்டும்தான் என்றால் நம்பிக்கை வைக்காதீர்கள்.

கடிதத்தின் ஓரத்தில், கொஞ்சம் தயங்கி, இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள். ஐயாவுக்கு அங்கே ஒரு மனைவியும் மகளும் இருந்ததாக ஊரில் ஒரு பேச்சு. சைகோனுக்குப் போனவர்களிடையே இது அரிதான கதை இல்லை. அந்த மகள் உயிரோடு இருந்தால், வியட்நாம் சட்டப்படி அவர் முதல் வரிசை வாரிசு, உங்கள் அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, நிகர். முறையான திருமணமா என்பது பிள்ளையின் பங்கைப் பாதிக்காது. மேலே குடியிருப்பது அவருடைய பிள்ளைகளாகவே இருக்கலாம், யார் கண்டது? தரகர் வழியாகப் போய் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டி 'எங்கள் சொத்து' என்று சொல்லிவிடாதீர்கள். உறவைத் தேடுவது வேறு, சொத்தைத் தேடுவது வேறு. முதலாவதுக்கு சைகோன் மாரியம்மன் கோயில் பக்கம் விசாரித்தால் பழைய தமிழ்க் குடும்பங்களை அறிந்தவர்கள் கிடைப்பார்கள்.

இழப்பீடு

தனி ஆளாக வியட்நாம் நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்க வழி இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இது அரசுக்கும் அரசுக்கும் நடுவே பேசித் தீர்க்கும் விஷயம். அமெரிக்கா அப்படித்தான் செய்தது: 1995 ஜனவரி ஒப்பந்தத்தில் வியட்நாம் சுமார் 20.8 கோடி டாலர் தந்தது, அமெரிக்கக் குடிமக்களின் கோரிக்கைகளுக்கு அதிலிருந்து பணம் போனது. அந்தப் பணத்தில் இந்தியருக்குப் பங்கில்லை. உங்கள் தரகர் இந்த ஒப்பந்தத்தின் ஆங்கிலப் பக்கத்தையும் மஞ்சள் மை பூசிக் கொடுத்திருக்கிறார், பாருங்கள்! நமது வெளியுறவு அமைச்சகத்துக்கு ஆவண நகல்களோடு ஒரு மனு அனுப்பி வைக்கலாம். தபால் செலவுதான். பதிலை எதிர்பார்த்து வேறு திட்டம் எதுவும் போட வேண்டாம்.

கூட்டாளி பெயரில் வாங்கலாமா?

கூடாது. 18 லட்சத்தைவிட இதுதான் பெரிய பள்ளம். வெளிநாட்டுத் தனிநபர் வியட்நாமில் நிலப் பயன்பாட்டு உரிமையைத் தனியாக வாங்க முடியாது. வணிக வீட்டுத் திட்டங்களில் அடுக்ககம் அல்லது வீடு வாங்கலாம், அதுவும் 50 ஆண்டுக்கு, ஒரு கட்டடத்தில் 30 விழுக்காடு வீடுகளுக்கு மேல் வெளிநாட்டார் கையில் போகக்கூடாது என்ற வரம்போடு. பழைய நகர் மையத்துக் கடைவீடு அந்தத் திட்டங்களுக்குள் வராது. உள்ளூர்க்காரர் பெயரில் வாங்கி, தனியாக ஓர் ஒப்பந்தம் எழுதி வைத்துக்கொள்வதைப் பலர் செய்கிறார்கள். தகராறு வந்தால் நீதிமன்றம் அந்த ஒப்பந்தத்தைச் செல்லாது என்று சொல்லிவிடும். புத்தகத்தில் யார் பெயரோ அவரே உரிமையாளர். கொடுத்த பணத்தைக் கேட்டு நீங்கள் அலைய வேண்டும். உங்கள் ஐயாவாவது பத்திரம் வைத்திருந்தார்.

இன்னொன்று: தரகர் பணத்தை 'அங்கேயே கொடுத்து இங்கே வாங்கிக்கொள்ளலாம்' என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பெயர் ஹவாலா. அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் வரலாம். வங்கியில் வேலை பார்த்த உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது செய்ய வேண்டியது

பத்திரம், ரசீது, பேரேடு எல்லாவற்றையும் நீங்களே ஸ்கேன் செய்யுங்கள். அசலை எவரிடமும் தராதீர்கள். 14 வாரிசுகள் கையெழுத்திட்ட பொது அதிகாரப் பத்திரமும் பிரெஞ்சு அசலும் ஒருவர் கையில் சேர்ந்தால், அவர் அதைக் காட்டி வேறு யாரிடமாவது முன்பணம் வாங்கலாம். பிறகு புகார் வருவது உங்கள் பெயரில்.

மனசு ஆறவில்லை என்றால், ஹோ சி மின் நகரில் ஒரு வழக்கறிஞரிடம் ஒரே ஒரு வேலை கொடுங்கள்: அந்த முகவரி எப்போது அரசு நிர்வாகத்துக்குப் போனது, 61-ஆம் ஆணைப்படி விற்றார்களா என்று ஆவணங்களில் தேடி எழுத்தில் கருத்துத் தரச் சொல்லுங்கள். கட்டணத்தை முன்கூட்டியே பேசி, வங்கி வழியாக அனுப்புங்கள். அரசு எடுத்து விற்றுவிட்டது என்று அவர் சொன்னால் அதோடு விட்டுவிடுங்கள். எடுத்ததற்குச் சான்றே இல்லை என்று சொன்னால் மட்டும் எனக்குத் திரும்ப எழுதுங்கள்.

கொடுத்த 2 லட்சம்: வங்கி மாற்றம் என்றால் அதன் விவரம், தரகரின் வாட்ஸாப் செய்திகள், 'சட்டம் இருக்கிறது' என்று அவர் அனுப்பிய குரல் பதிவு, இவற்றை இன்றே நகலெடுத்து வையுங்கள். பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்புங்கள். 15 நாளில் பதில் இல்லை என்றால் பாரதிய நியாய சன்ஹிதா 318-ஆவது பிரிவின் கீழ் ஏமாற்றுப் புகார் கொடுக்கலாம், கூடவே சிவில் வழக்கும் போடலாம். பணம் கேட்டு வழக்குப் போட 3 ஆண்டு கெடு. நீங்கள் எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்று கடிதத்தில் எழுதவில்லை, அதை முதலில் பாருங்கள்.